யாங்கோனுக்கு முதலில் எது: மெட்ரோவா, பஸ் தடமா?

சூலே சுந்தரம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எங்கள் தமிழ் வாசகர் வட்டத்தில் பட்டிமன்றம். ‘வளரும் நகருக்கு ஏற்றது மெட்ரோ ரயிலா, பஸ்ஸா?’ என்பது தலைப்பு. நான் மெட்ரோ அணி. சென்னையைப் பார், பாங்காக்கைப் பார் என்று பேசிவிட்டு வந்துவிடலாம்தான். ஆனால் எதிரணியில் சிவில் இன்ஜினியர் ஒருவர் இருக்கிறார். கணக்கு கேட்பார்.

என் கையில் இருப்பது இவ்வளவுதான். ஒன்று, 2016-ல் வந்த ‘பி.ஆர்.டி. லைட்’ என்ற விரைவுப் பஸ் நம் சாலை நெரிசலைக் குறைக்கவில்லை, ஆகவே பஸ் இங்கே தோற்றுவிட்டது. இரண்டு, மெட்ரோ வேகம், பஸ் ஊர்கிறது. மூன்று, ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயில் ஏற்கெனவே இருப்பதால் அதையே மின்சார ரயிலாக மாற்றினால் மெட்ரோ வந்த மாதிரிதானே?

இதில் எது நிற்கும், எது விழும்? ஆற்றுக்கு அப்பால் ஆலைகள் நிறைந்த லைங்தாயாவிலிருந்து நகர மையத்துக்கு வரும் பாதையை உதாரணமாக வைத்துச் சொன்னால் கூட்டத்துக்குப் புரியும். அண்ணன்மார்கள் உதவவும்.


எண்ணிப்பார் எழுதியது:

சுந்தரம் தம்பி, உங்கள் மூன்றில் முதலாவது உடனே விழும். இரண்டாவது பாதி நிற்கும். மூன்றாவதை ரயில்காரர் யாராவது சொல்லட்டும், எனக்கும் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது.

பி.ஆர்.டி. லைட் 2016 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியபோது அதற்குத் தனித் தடம் கிடையாது. குளிர்சாதனம், நல்ல இருக்கை, குறைவான நிறுத்தங்கள், 300 கியாட் கட்டணம், அவ்வளவுதான். பியே சாலையில் டாக்ஸிக்கும் லாரிக்கும் பின்னால் அதுவும் நின்றது. தடமே இல்லாத ஒன்றைக் காட்டி ‘தடம் தோற்றது’ என்று பேசினால் அந்த இன்ஜினியர் உங்களைச் சும்மா விடமாட்டார். அடுத்த ஆண்டு, 2017 ஜனவரி 16-ல் வை.பி.எஸ். (யாங்கோன் பஸ் சர்வீஸ்) வந்ததே, அது செய்தது வேறு வேலை. கலெக்‌ஷனில் பங்கு வாங்கிய டிரைவரும் சபேயாவும் (கண்டக்டர்) பயணிக்காக ஒருவரையொருவர் முந்தி ஓட்டிய பழக்கத்தை உடைத்தது. முந்நூறுக்கு மேல் இருந்த பஸ் வழிகளைச் சில பத்துகளாகச் சுருக்கியது. சாலையில் பஸ்ஸுக்கு என்று ஓர் அடி இடம்கூட அதனால் கூடவில்லை.

இப்போது கணக்கு. மெட்ரோவா பஸ்ஸா என்பதை ஊருக்கு ஊர் முடிவு செய்வதில்லை, பாதைக்குப் பாதை முடிவு செய்வார்கள். அதற்கு ஒரே ஓர் எண் வேண்டும்: அந்தப் பாதையில் மிக நெரிசலான ஓர் இடத்தில், காலை உச்ச நேரத்தில், ஒரு மணிக்கு ஒரு திசையில் எத்தனை பேர் கடக்கிறார்கள். நாள் முழுக்க எத்தனை பேர், ஊரின் ஜனத்தொகை எவ்வளவு என்பதெல்லாம் மேடைக்குத்தான் உதவும். ‘50 லட்சம் பேர் வாழும் ஊருக்கு மெட்ரோ வேண்டாமா?’ என்று கேட்டால் கைதட்டு கிடைக்கும், விடை கிடைக்காது.

12 மீட்டர் பஸ் ஒன்றில் நெருக்கி நின்றால் 70 பேர். நிமிடத்துக்கு ஒன்று வந்தால் மணிக்கு 4,200 பேர். ஆறு பெட்டி மெட்ரோவில் பெட்டிக்கு 300 என்று வைத்தால் ரயிலுக்கு 1,800. மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்றால் 36,000. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் சண்டையே. முந்திச் செல்லும் தடமும் நிலையத்துக்குப் பல மேடைகளும் வைத்து போகோட்டாவின் டிரான்ஸ்மிலேனியோ மணிக்கு ஒரு திசையில் 40,000-க்கு மேல் தூக்கியிருக்கிறது. ஆனால் அந்த அகலம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நிலையத்தின் முன் இரு திசைக்கும் ஓடும் தடம் ஒன்று, முந்தும் தடம் ஒன்று என்று நான்கு தடம், தடத்துக்கு 3.5 மீட்டர், ஆக 14. நடுவில் மேடை 4. ஆக 18. பக்கத்துக்கு இரண்டு கார் தடம் சேர்த்தால் 31 மீட்டர். நடைபாதையை இன்னும் கணக்கில் எடுக்கவே இல்லை. நம் நகர மையத்தின் பெரிய சாலைகள் வெள்ளைக்காரன் காலத்தில் 100 அடி என்று கோடு போட்டவை, அதாவது 30 மீட்டர். அங்கே முந்தும் தடத்துக்கு இடமில்லை. ஆகவே போகோட்டா எண்ணை இங்கே கொண்டுவராதீர்கள். அனோயாத்தா சாலை மாதிரி இடத்தில் திசைக்கு ஒரு தடம் வைத்து நன்றாக நடத்தினால் 5,000. இரண்டு உடல் கோத்த 18 மீட்டர் பஸ் ஓட்டினால் பத்தாயிரத்தை ஒட்டி. அதற்கு மேல் பஸ்ஸால் முடியாது.

உங்கள் இரண்டாவது வாதம், வேகம். மெட்ரோ நிறுத்தங்களோடு சேர்த்து மணிக்கு 33 கி.மீ. என்று வையுங்கள். 12 கி.மீ. தூரத்துக்கு 22 நிமிடம். ஆனால் ஆள் மெட்ரோ நிலையத்தில் குடியிருப்பதில்லை. வீட்டிலிருந்து நிலையத்துக்கு இணைப்புப் பஸ் 12 நிமிடம், அதற்குக் காத்திருப்பு 5, மேடைக்கு ஏற 3, ரயிலுக்குக் காத்திருப்பு 2, இறங்கி வெளியே வர 3. ஆக 47. அதே 12 கி.மீ.யைத் தனித் தடத்தில் 18 கி.மீ. வேகத்தில் நேரே போகும் பஸ் 40 நிமிடத்தில் கடக்கும், காத்திருப்பு 5. ஆக 45. தூரம் 20 கி.மீ. ஆகிவிட்டால் மெட்ரோ தெளிவாக முந்தும். குறுகிய தூரத்தில் வண்டி மாறுவதே நேரத்தைத் தின்றுவிடும். மேடையில் வேகத்தை மட்டும் சொன்னால் எதிரணி இதைத்தான் எடுத்து வீசும்.

காலம், பணம் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹோ சி மின் நகரின் முதல் மெட்ரோ 19.7 கி.மீ.; 2012-ல் வேலை தொடங்கி 2024 டிசம்பரில் ஓடியது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ.க்கு 63,246 கோடி இந்திய ரூபாய், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 530 கோடி. சென்னையைப் பார் என்று சொல்வதற்குமுன் இந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


டெப்போ வாசல் எழுதியது:

எண்ணிப்பார் ஐயா சொன்னதற்குக் கீழே, நிறுத்தத்தில் நடப்பதைச் சேர்க்கிறேன். பஸ் தடத்தின் கொள்ளளவைத் தீர்மானிப்பது தடமே அல்ல, நிறுத்தம்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். காலை லேடான் நிறுத்தத்தில் 20 பேர் ஏறுகிறார்கள். முன் கதவு ஒன்று, இரண்டு படி, பெட்டியில் பணம் போட வேண்டும் அல்லது அட்டையைக் காட்ட வேண்டும். ஆளுக்கு 3 வினாடி. ஆக 60 வினாடி. உள்ளே வந்து நிற்க, கிளம்ப 15. மொத்தம் 75 வினாடி. 3,600-ஐ 75-ஆல் வகுத்தால் 48 பஸ். பஸ் என்ன, கடிகாரம் பார்த்தா வருகிறது? மூன்று சேர்ந்தாற்போல் வரும், பிறகு பத்து நிமிடம் ஒன்றும் இருக்காது. அதனால் அறுபது சதவீதம்தான் நடைமுறைக்கு: 29 பஸ்.

அதே 20 பேர் மேடையிலேயே பணம் கட்டிவிட்டு, மேடையும் பஸ் தரையும் ஒரே உயரத்தில் இருந்து, மூன்று கதவில் ஏறினால் கதவுக்கு ஏழு பேர், ஆளுக்கு ஒரு வினாடிக்குச் சற்று மேல், 9 வினாடி. கதவு திறந்து மூட 5, உள்ளே வந்து கிளம்ப 15. மொத்தம் 29 வினாடி. அதே கணக்கில் மணிக்கு 74 பஸ். தடத்தைத் தொடவே இல்லை, கொள்ளளவு இரண்டரை மடங்கு. டிக்கெட்டைக் கீழே இறக்கியதற்கே இந்தப் பலன்.

அடுத்து கதவு. இதை நம் ஊரில் யாரும் பேசுவதில்லை, ஆனால் திட்டத்தையே இது கவிழ்க்கும். 1970-லிருந்து நாம் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம். பஸ் தடத்தைச் சாலை நடுவில் வைத்து, இரு திசைக்கும் பொதுவாக ஒரே மேடை கட்டினால் மேடை பஸ்ஸின் இடப்பக்கம் வரும். வை.பி.எஸ்.ஸில் ஓடும் சீன பஸ்களுக்கு வலப்பக்கம் மட்டுமே கதவு. அவற்றை வைத்து நடு மேடையில் ஆளே ஏற்ற முடியாது. வழி மூன்று. இருபக்கமும் கதவு வைத்த பஸ் வாங்கலாம். நாலைந்து இருக்கை போகும், விலை கூடும். திசைக்கு ஒன்றாக இரண்டு மேடை தடத்தின் வலப்பக்கம் கட்டலாம். கூடுதலாக மூன்று மீட்டர் சாலை போகும். இல்லாவிட்டால் தடத்தை ஓரத்தில் வைக்க வேண்டும். ஓரத்தில் வைத்தால் டாக்ஸி நிற்கும், மோஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) வண்டி நிற்கும், ஒவ்வொரு தெரு முனையிலும் கார் திரும்பும். வேடிக்கை என்னவென்றால், முன்பு ஜப்பானிலிருந்து வந்த பழைய பஸ்களுக்கு இடப்பக்கக் கதவு. அவை இங்கே பயணியை நடுரோட்டில் இறக்கிவிட்டன, நாம் வலப்பக்கம் தகட்டை வெட்டிக் கதவு வைத்தோம். நடு மேடைக்கு அந்தப் பழைய கதவுதான் சரியாக இருந்திருக்கும்!

தரை. நிறுத்தத்தில் தார் போடாதீர்கள். நிறைந்த பஸ்ஸின் பின் அச்சு 10 டன்னுக்கு மேல். ஒரே இடத்தில் நாள் முழுக்க பிரேக் பிடித்தால் நம் ஏப்ரல் வெயிலில் தார் குழைந்து சக்கரத் தடம் பள்ளமாகும். மழை வந்தால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர். பள்ளம் விழுந்தால் பஸ் தரை தாழும், மேடையோடு மட்டம் போகும், சக்கர நாற்காலி ஏறாது. நிறுத்தத்துக்கு 20 மீட்டர் முன்னாலிருந்து 10 மீட்டர் பின்வரை 25 செ.மீ. கான்கிரீட், கீழே 15 செ.மீ. மெலிந்த கான்கிரீட். கட்டும்போது செலவு கூடும்தான். பிறகு வருஷா வருஷம் தோண்டுவதை நினைத்தால் அது மலிவு.

பஸ் எண்ணிக்கை பற்றியும் ஒன்று. போய் வர 36 கி.மீ. உள்ள ஒரு வழி. இப்போதைய 12 கி.மீ. வேகத்தில் 180 நிமிடம், முனையில் ஓய்வு 20, மொத்தம் 200. ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டுமானால் 40 பஸ். தடம் கிடைத்து 18 கி.மீ. வேகம் வந்தால் 120-ம் 20-ம், 140 நிமிடம். அதே ஐந்து நிமிட இடைவெளிக்கு 28 பஸ் போதும். 12 பஸ் மிச்சம், 12 டிரைவர் மிச்சம், அவை குடிக்கும் கேஸும் டீசலும் மிச்சம். ‘பஸ் தடத்தால் காருக்கு இடம் போகிறது’ என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். புது பஸ் வாங்காமலே பஸ் கூடுகிறது.


மேல்பாதை எழுதியது:

இருவரும் பஸ்ஸுக்கு வக்காலத்து வாங்கிவிட்டீர்கள். சுந்தரம் அணிக்கு நான் ஒரு கை கொடுக்கிறேன்.

பஸ் தடத்தின் பலவீனம் தொழில்நுட்பத்தில் இல்லை. அதைப் பிடுங்குவது சுலபம், அதுதான் பலவீனம். டெல்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கி.மீ. தடம் 2008-ல் திறந்தார்கள். பஸ்ஸில் போனவனுக்கு நேரம் மிச்சமானது, காரில் போனவன் கத்தினான், 2016-ல் இடித்துவிட்டார்கள். தூண் மேல் கட்டிய ரயிலை அப்படி இடிக்க முடியாது. அதிகாரம் மாறினாலும் மெட்ரோ நிற்கும். ஊர் வளர்வதே அந்த நிலையங்களைச் சுற்றித்தான்.

ஆனால் யாங்கோனில் மெட்ரோவுக்கு நான்கு பிரச்சினை இருப்பதை மறைக்கமாட்டேன்.

மண் முதலில். ஷ்வேடகோன் பகோடா நிற்கும் மேட்டில் கெட்டியான செம்மண் கல். அங்கிருந்து தெற்கே இறங்கி ஆற்றை நெருங்க நெருங்க வண்டல் களிமண், நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில். சுரங்கம் தோண்ட முடியும், பாங்காக் அதைவிட மோசமான களிமண்ணில் தோண்டியிருக்கிறது. ஆனால் தூண் மேல் போகும் பாதையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் செலவு. பக்கத்துக் கட்டடங்கள் நூறு வருடத்துக்கு மேற்பட்ட செங்கல் கட்டடங்கள், தண்ணீரை இறைத்தால் தரை இறங்கி விரிசல் விடும்.

வெள்ளம். அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ஆற்றில் ஏற்றம் அதிகம். அந்த நேரம் வடிகால் மதகை மூடிவிடுவார்கள், இல்லாவிட்டால் ஆறு ஊருக்குள் வரும். மூடியிருக்கும்போது மழை கொட்டினால் தண்ணீருக்குப் போக வழியில்லை. நகர மையத்தில் கணுக்கால் முழங்கால் என்று நிற்பது இதனால்தான். நிலத்தடி நிலைய வாசல் தெருமட்டத்துக்கு ஒரு மீட்டராவது மேலே ஏறி, பிறகு இறங்க வேண்டும். வாசலில் தடுப்புப் பலகை செருகப் பள்ளம் விட வேண்டும். காற்றோட்டத் துளையையும் உயர்த்த வேண்டும். அதை மறந்தால் தண்ணீர் வாசலை விட்டுவிட்டு அந்த வழியாக வரும்.

மின்சாரம். ஒரு நிலத்தடி நிலையத்துக்கே காற்றோட்டம், குளிர்சாதனம், நகரும் படிக்கட்டு, தண்ணீர் இறைப்பு என்று ஒரு மெகாவாட்டுக்கு மேல் வேண்டும். ரயில் இழுவை தனி. மின்வெட்டுக்கு நேரம் போட்டு வாழும் ஊரில் இரண்டு வெவ்வேறு கிரிட் நிலையங்களிலிருந்து தனி உயரழுத்த லைன் இல்லாமல் மெட்ரோவைத் தொடக்கூடாது. ஜெனரேட்டர் என்பது பயணியை வெளியே கொண்டுவரத்தான், ரயில் ஓட்ட அல்ல.

நிலநடுக்கம். சகாயிங் பிளவு பாகோ பக்கமாகத்தான் போகிறது. 1930-ல் பாகோவில் வந்ததும் 2025 மார்ச் 28-ல் மண்டலே பக்கம் வந்ததும் அந்தக் கோடுதான். தூண் வடிவமைப்பில் இதைச் சேர்த்தால் கம்பியும் அடித்தளமும் கூடும். சேர்க்காமல் ஒருவன் விலை குறைத்துக் காட்டினால் அவனை நம்பாதீர்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் வாதம்: இன்றே கட்டு என்று சொல்லாதீர்கள், இன்றே இடத்தை ஒதுக்கு என்று சொல்லுங்கள். சாலை நடுவில் தூணுக்கு 3 மீட்டர், டெப்போவுக்கு 15 முதல் 20 ஹெக்டேர். லைங்தாயாவில் இன்று வயலாக இருப்பது அடுத்த ஐந்து வருடத்தில் தொழிற்சாலைச் சுவராகிவிடும். லேடான், மியேனிகோன் சந்திப்புகளில் மேம்பாலம் கட்டும்போது ரயிலை நினைக்கவில்லை. இனி அங்கே மெட்ரோ வந்தால் அந்தப் பாலத்துக்கும் மேலே, ஐந்தாறு மாடி உயரத்தில்தான் போக முடியும். அவ்வளவு உயரம் படியேறி யார் வருவார்?


மீட்டர்கேஜ் எழுதியது:

வட்ட ரயில் கேள்விக்கு வருகிறேன். 45.9 கி.மீ., 38 நிலையம், மீட்டர் கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி 1 மீட்டர். ‘மின்சாரமாக்கினால் மெட்ரோ’ என்பது தவறு. மின்சாரம் கடைசி வேலை.

பழைய நிலையில் ஒரு சுற்றுக்கு மூன்று மணி நேரம், சராசரி 15 கி.மீ. வேகம். இதற்குக் காரணம் எஞ்சின் அல்ல. மழைக்காலத்தில் ஜல்லிக்குள் சேறு ஏறி, தண்டவாளம் தொய்ந்து, டிரைவர் வேகத்தைக் குறைக்கிறார். சிக்னல் பழசு, ஆகவே முன் ரயில் அடுத்த நிலையத்தைத் தாண்டும் வரை பின் ரயில் நிற்க வேண்டும். மேடை தாழ்வு, பெட்டித் தரை உயரம். டானிங்கோன் சந்தையில் கீரைக் கூடை, பூக்கட்டு, மூட்டை எல்லாம் கீழிருந்து ஒருவர் தூக்கிக் கொடுக்க, மேலே ஒருவர் வாங்கி அடுக்க வேண்டும். அந்த ஒரு நிலையத்தில் போகும் நிமிடங்களை எந்த மின்சார எஞ்சினும் மீட்டுத் தராது. மேடையை 1 மீட்டர் உயர்த்தினால் மீளும்.

ஆனால் எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் ஒரு முட்டுக்கட்டை நிற்கும்: லெவல் கிராசிங். திசைக்கு 12 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் மணிக்கு இரு திசையும் சேர்த்து 10 ரயில். கேட்டை ஒவ்வொரு முறையும் 4 நிமிடம் மூடினால் மணிக்கு 40 நிமிடம் மூடியே இருக்கும். நல்ல சிக்னலும் தானியங்கிக் கேட்டும் வைத்து இரண்டரை நிமிடமாகக் குறைத்தால் 25 நிமிடம். சரி, தாங்கலாம். ஆனால் 6 நிமிடத்துக்கு ஒரு ரயில் விட்டால் 20 முறை, 50 நிமிடம். இரண்டு திசை ரயிலும் ஒன்றாகக் கடக்கும் நேரத்தைக் கழித்தாலும் சாலை செத்துவிடும். முக்கியமான கேட்டுகளில் பாலம் கட்டாமல் வட்ட ரயிலை மெட்ரோ இடைவெளிக்குக் கொண்டுவர முடியாது. பட்ஜெட் போடும்போது ரயில் பெட்டியைப் பெரிதாகப் போட்டுவிட்டு இந்தப் பாலங்களை ‘சாலைத் துறை பார்த்துக்கொள்ளும்’ என்று விட்டுவிடுவார்கள். அங்கேதான் எல்லாம் நிற்கும்.

டெப்போ வாசல் பஸ்ஸுக்குப் போட்ட கணக்கு இங்கேயும் பொருந்தும். மூன்று மணி நேரச் சுற்றில் 10 நிமிடத்துக்கு ஒரு ரயில் வேண்டுமானால் திசைக்கு 18, மொத்தம் 36 ரயில். தண்டவாளத்தையும் சிக்னலையும் சரிசெய்து சுற்றை 110 நிமிடத்துக்குக் கொண்டுவந்தால் 22 ரயில் போதும். ஆக, முதல் காசு தண்டவாளத்துக்குப் போக வேண்டும், பெட்டிக்கு அல்ல. ஜப்பானிலிருந்து வந்த பழைய டீசல் பெட்டிகளே போதும். அவை 1,067 மி.மீ. அகலத்தில் ஓடியவை. சக்கரங்களை அச்சில் பக்கத்துக்கு 33.5 மி.மீ. உள்ளே தள்ளி நம் 1,000 மி.மீ.க்குக் கொண்டுவருகிறார்கள். இதைச் செய்யும் பட்டறைத் திறமை நம்மிடம் இருக்கிறது.

இன்னொன்று. வட்ட ரயில் லைங்தாயாவுக்குப் போகாது. லைங் ஆற்றின் அந்தப் பக்கம் அது. சுந்தரம் கேட்ட பாதைக்கு வட்ட ரயில் தனியாக விடை ஆகாது. இன்செயினிலோ டானிங்கோனிலோ பஸ்ஸை ரயிலோடு கோத்தால் பாதி விடை.

டிராம் என்று யாராவது மேடையில் இழுப்பார்கள், தயாராக இருங்கள். 2016 ஜனவரியில் ஸ்ட்ராண்ட் சாலைத் தண்டவாளத்தில் ஹிரோஷிமாவின் பழைய டிராம் ஓடியது, அதே வருடம் நின்றது. ஆள் இல்லை. தண்டவாளம் எங்கே இருந்ததோ அங்கே ஓட்டினார்கள், ஆள் எங்கே போகிறானோ அங்கே அல்ல.


சூலே சுந்தரம் எழுதியது:

மிக்க நன்றி. மெட்ரோ அணியில் இருந்துகொண்டு பஸ் அணிக்குப் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இரண்டு கேள்வி மட்டும். எண்ணிப்பார் ஐயா, ‘ஒரே எண் வேண்டும்’ என்றீர்களே, அந்த எண்ணை நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து எடுக்க முடியுமா? இரண்டாவது, மின்சாரப் பஸ் என்று எதிரணி சொன்னால்?


டெப்போ வாசல் எழுதியது:

இரண்டாவதற்கு நான். குளிர்சாதனத்தோடு 12 மீட்டர் மின்சாரப் பஸ் கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் என்று வையுங்கள். நாளுக்கு 200 கி.மீ., ஆக 240 யூனிட். 100 பஸ் டெப்போவுக்கு ஓர் இரவில் 24,000 யூனிட். ஆறு மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமானால் 4 மெகாவாட் தொடர்ந்து வர வேண்டும். இரவு மூன்று மணி நேரம் கரண்ட் போனால் காலையில் பாதி பஸ் வெளியே வராது. வேண்டாம் என்று சொல்லவில்லை. தனி லைன் உள்ள ஒரு டெப்போவில் 20 பஸ்ஸோடு தொடங்கலாம். முழங்கால் தண்ணீரில் ஓட்டக்கூடாது என்று டிரைவருக்குச் சொல்ல வேண்டும். எந்தத் தெரு தாழ்வு என்று வழித்தடம் போடும்போதே பார்க்க வேண்டும்.


எண்ணிப்பார் எழுதியது:

தாராளமாக எடுக்கலாம் தம்பி. ஆறு பேர் போதும், செலவு டீக்கும் குடைக்கும்தான்.

இடம்: லைங்தாயாவிலிருந்து வருபவன் ஆற்றைத் தாண்டியே ஆக வேண்டும். பாயினௌங் பாலம் ஒன்று, ஆங்ஸேயா பாலம் ஒன்று. பாலத்துக்கு மூன்று பேர். பாலத்தின் மேல் நிற்காதீர்கள். நகரப் பக்கம் இறங்கியதும் பஸ் மெதுவாகும் இடத்தில் நில்லுங்கள். முன்கூட்டி வார்டு ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், கையில் தாளோடு பாலத்தடியில் நிற்பவனை யாரும் கேள்வி கேட்பார்கள்.

நாள்: செவ்வாய், புதன், வியாழனில் ஏதாவது இரண்டு நாள். திங்ஜான் (பர்மியப் புத்தாண்டு), தீபாவளி, பௌர்ணமி விடுமுறை வாரம் வேண்டாம். நேரம் காலை 6 முதல் 9. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தாள்.

தலையை எண்ண முயலாதீர்கள், முடியாது. பஸ்ஸை ஐந்து தரமாகப் பிரியுங்கள்: பாதி இருக்கை காலி, இருக்கை நிறைவு, சிலர் நிற்கிறார்கள், நடைவழி நிறைவு, கதவுப் படியில் ஆள். 12 மீட்டர் பஸ்ஸுக்கு இவற்றை 15, 30, 45, 65, 80 என்று பின்னால் எண்ணாக மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் பார்த்துத் தரத்தைச் சொல்ல வேண்டும், ஒருவர் கோடு போட வேண்டும். மூன்றாமவர் வேறு வண்டிகளுக்கு.

அந்த மூன்றாமவர்தான் முக்கியம். லைங்தாயாவின் பாதிக் கதை வை.பி.எஸ்.ஸில் இல்லை, ஆலையே ஆட்களை ஏற்றிவர விடும் ஃபெர்ரி பஸ்ஸிலும், பலர் சேர்ந்து போகும் லைன் காரிலும் இருக்கிறது. ஃபெர்ரியைத் தனியாக எண்ணுங்கள். அதில் போகும் தையல் ஆலைப் பெண்ணுக்கு வாசலில் ஏற்றி ஆலைக்குள் இறக்குகிறார்கள், பணமும் கேட்பதில்லை. மெட்ரோ வந்தாலும் அவர் மாறமாட்டார். அவரையும் மெட்ரோ பயணியாகச் சேர்த்து எண்ணியதால் பல ஊர்த் திட்டங்களில் எதிர்பார்ப்பு ஊதிப்போனது. திசையையும் பாருங்கள்: காலையில் ஆலைக்குப் போகிறவர் பாலத்தை எதிர்த்திசையில் கடப்பார். அதை நகர மையத்துக்கு வருபவரோடு கூட்டிவிடாதீர்கள்.

மூன்று மணி நேரத் தாளில் தொடர்ந்து நான்கு கால்மணிகள் எங்கே அதிகமோ அதை எடுத்தால் உங்கள் எண் வந்துவிடும். 3,000-க்குக் கீழே வந்தால் நல்ல நிறுத்தமும் சந்திப்பில் பஸ் முந்தும் சிக்னலும் போதும். 3,000-க்கு மேல் பத்தாயிரம் வரை தடம். இரண்டு பாலமும் சேர்த்து 15,000-ஐத் தாண்டினால் மேல்பாதை நண்பர் சொன்ன இடத்தை ஒதுக்கும் வேலையை அன்றைக்கே தொடங்கலாம், நீங்களும் மெட்ரோ அணியில் தைரியமாக உட்காரலாம். நடுவே எங்காவது வந்தால் தாளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்ப்போம். மழையில் தாள் நனையும். பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம்.